நுவரெலியாவில் அம்மாவும் பிள்ளைகளும் நடந்து போய்வரக்கூடிய நீர்வீழ்ச்சி எது?

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சித்திரை விடுமுறையில் இரண்டு நாள் நுவரெலியாவில் தங்கப்போகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. கூட வரும் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. கூட்டம் நெரியாத ஒரு நீர்வீழ்ச்சிக்கு எல்லோருமாக நடந்து போய்வர முடியுமா, தூரமும் ஏற்றமும் அதிகம் இருக்கக்கூடாது என்கிறார்.

முடியும். லவர்ஸ் லீப்புக்குப் போங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கிப் பத்து, பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். முதல் நாள் இரவு பலத்த மழை பெய்திருந்தால் மட்டும் போகவேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். நேரமிருந்தால் மீதியையும் வாசியுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது தேவைப்படும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மலையகப் பாடசாலைகளில் இருபது வருடங்களுக்கு மேல் படிப்பித்தவன். கீழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் எத்தனையோ தடவை நீர்வீழ்ச்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது உயரத்தைத்தான்: எத்தனை அடி, இலங்கையில் எத்தனையாவது? குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கவேண்டியது கடைசி இருநூறு அடி நடை எப்படி இருக்கிறது என்பதை. பெரும்பாலான அருவிகளுக்குத் தோட்டப் பாதையில் சுகமாகப் போய்விடலாம். காலை வாருவது அந்தக் கடைசித் துண்டு: பாசி படிந்த பாறை, வேர் பிதுங்கிய சரிவு, கைப்பிடிக்க ஒன்றுமில்லாத இறக்கம். அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. அதனால் இடத்தைத் தெரிவுசெய்யும்போது திரும்பி வரும் வழியையும் மனதில் வைத்தே நான் பார்ப்பேன்.

உங்கள் பட்டியலில் இருக்கக்கூடிய மற்ற பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் வீதியில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் சென்கிளேயர் 80 மீட்டர், டெவன் 97 மீட்டர். இரண்டும் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வீதியோரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிற இடங்கள். சென்கிளேயருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் திருப்பப்படுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது பஸ்ஸுக்குள் இருந்தாலே கேட்ட அந்த இரைச்சல் இப்போது இல்லை. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் உள்ள தியலும 220 மீட்டர். அதன் உச்சியில் இருக்கும் தடாகங்களின் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் ஆசைப்படுகிறார்கள். உச்சித் தடாகம் என்றால் அதன் ஓரத்துக்கு அப்பால் பள்ளம் என்று பொருள். ஆறு வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனம் வராது. இலங்கையிலேயே உயரமான பம்பரகந்த, 263 மீட்டர், கலுபஹனவுக்கு மேலே இருக்கிறது. நடை குறைவுதான். ஆனால் நுவரெலியாவிலிருந்து போய்வர ஒரு நாள் வேண்டும். வளைவு வீதியில் பிள்ளைகள் வாந்தியெடுத்துக் களைத்துப்போவார்கள். பதுளையில் தங்குகிறவர்களுக்கு 64 மீட்டர் துன்ஹிந்த நல்ல இடம். பாதை கட்டியிருக்கிறார்கள், வழிநெடுகக் கடைகளும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்ட தனிமை விடுமுறை நாட்களில் அங்கே கிடைக்காது.

நீங்கள் கண்டி, கம்பளை வழியாகத்தான் ஏறி வருவீர்கள். அந்த வீதியிலேயே ரம்பொடை நீர்வீழ்ச்சி இருக்கிறது, 109 மீட்டர். ஆஞ்சநேயர் கோயிலும் அந்த ஊரில்தான். வரும்போதே அங்கே இறங்கி அம்மா சாமி கும்பிடட்டும், அருவியையும் பார்க்கட்டும். ஒரு பெரிய நீர்வீழ்ச்சியைப் பார்த்த நிறைவு அங்கேயே கிடைத்துவிடும். மறுநாள் நடையில் எங்காவது முழங்கால் மறுத்துவிட்டாலும் அம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்காது.

இனி லவர்ஸ் லீப். நுவரெலியா நகரிலிருந்து கந்தப்பளை போகும் வீதியில் சுமார் மூன்று கிலோமீட்டரில் பீட்ரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை வரும். கந்தப்பளை, இராகலைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி அங்கே இறங்கலாம். தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கமாக மலையேறும் தோட்டப் பாதைதான் உங்கள் வழி. தேயிலை மலைகளுக்கும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் ஊடாக வளைந்து போகும். போகவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சின்னக் கால்களுக்கும் அம்மாவுக்கும் ஏற்ற நடையில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அது அதிகம் என்று தோன்றினால் நகரிலேயே ஓர் ஆட்டோ பிடித்து, தோட்டப் பாதையில் எவ்வளவு தூரம் ஏறமுடியுமோ அவ்வளவு தூரம் போய் இறங்குங்கள். திரும்பவும் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி நேரத்தையும் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் என் மாமியாரை அப்படித்தான் கூட்டிப்போனேன். மிச்சமிருந்த நடையை அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பிச் சமாளித்துவிட்டார்.

பாதை பிரியும் இடங்களில் பலகையைத் தேடவேண்டாம், ஆளைத் தேடுங்கள். தமிழ்க் குடும்பமாக அங்கே போவதில் உங்களுக்கு உள்ள பெரிய வசதி அதுதான். வெளிநாட்டுப் பயணிகள் தொலைபேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்கு, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டி வேலைக்கு இறங்கும் ஓர் அக்கா வழி சொல்லிவிடுவார். “அக்கா, நீர்வீழ்ச்சிக்கு இப்படியா போகவேண்டும்? மேலே பாதை எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். நேற்று எங்கே மண் சரிந்தது, எந்தக் கானில் (வடிகாலில்) தண்ணீர் பாய்கிறது, எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்துப்போட்ட பிறகு, பழைய வழிக்குறிப்பு எதையும், நான் இங்கே எழுதுவதையும் சேர்த்துத்தான், அங்கே வசிப்பவரிடம் ஒருதரம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்டதற்கு அவர்களும் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கொழுந்து பறிப்பவருக்கு அது வேலை நேரம். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு தலைமேல் இருக்கிறது.

லயங்களைத் தாண்டியதும் பாதை ஒடுங்கும். எதிரே மலைமுகத்தில் வெள்ளைக் கோடாக அருவி தெரியத் தொடங்கும். பாறைமேட்டில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதை நோக்கி நடந்தால் வழி தவறாது. அம்மாவுக்கு அதுவே நல்ல தங்குமிடம். அங்கே அவர் உட்காரட்டும், ஆனால் தனியாக விடாதீர்கள். பெரியவர்கள் இருவர் முறைமாற்றிக்கொண்டால் எல்லோரும் அருவியைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து பாறைச் சரிவின் அடியோரமாகப் போகும் ஒற்றையடிப் பாதைதான் நான் முதலில் சொன்ன கடைசித் துண்டு. குறுகலானது, ஈரமானது, ஆனால் செங்குத்தானது அல்ல. சின்னவரை ஒருவர் கைபிடித்து மலைப்பக்கமாக நடத்துங்கள். கைபிடிப்பவர் பள்ளத்துப் பக்கம் வரவேண்டும். பிள்ளைகள் முன்னே ஓடுவதை இந்த இடத்தில் மட்டும் அனுமதிக்கவேண்டாம்.

அருவி ஏறத்தாழ 30 மீட்டர். பிதுருதலாகலை மலைக்காட்டில் ஊறிவரும் தண்ணீர் பாறையைத் தழுவி இரண்டாய் மூன்றாய்ப் பிரிந்து விழும். சித்திரையில் போவதால் பெருவெள்ளத்தை எதிர்பார்க்காதீர்கள். தை முதல் பங்குனி வரை நுவரெலியாவில் மழை குறைவு, அருவி மெலிந்திருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே சரியான காலம் என்பது என் கருத்து. தண்ணீர் தெளிந்து, பாறையின் மடிப்பெல்லாம் தெரிய, பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்கும். ஆடி மாதத்தில் அதே இடத்தில் சாரல் முகத்தில் அறையும், ஐந்து நிமிடத்தில் உடுப்பு நனைந்துவிடும். இந்த அருவிக்கு ஒரு கதை சொல்வார்கள். அரச குலத்து இளைஞன் ஒருவனும் சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் சேர்ந்து வாழ வழியில்லாமல் இங்கிருந்து குதித்துவிட்டார்களாம். பெயர் அதிலிருந்து வந்ததாம். ஒன்பது வயதுப் பிள்ளை கட்டாயம் கேட்கும். எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பிள்ளைகள் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கட்டும், முகம் கழுவட்டும், அதோடு போதும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருவி அதற்கும் மேலே. வவுனியா வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிருக்குப் பழக்கப்பட்டதல்ல. உதடு நீலம்பாரித்து, பல் கிட்டித்து நடுங்கும் பிள்ளையை இரண்டரைக் கிலோமீட்டர் நடத்திக் கொண்டுவருவது எளிதல்ல. அருவி விழும் இடத்தில் ஆழமும் தெரியாது, அடியில் கல் எப்படிக் கிடக்கிறது என்பதும் தெரியாது. கறுப்பாக மினுங்கும் பாறையில் கால் வைக்கவே கூடாது. காய்ந்து சாம்பல் நிறமாக, சொரசொரப்பாக இருக்கும் கல்லில்தான் மிதிக்கவேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே சொல்லிக்கொடுங்கள், “சாம்பல் கல்லை மட்டும் மிதி” என்று. என் தங்கையின் பிள்ளைகள் அப்படித்தான் பழகினார்கள்.

சவர்க்காரமும் ஷாம்பூவும் கொண்டுபோகவே வேண்டாம். காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மலையகத்தில் எந்த ஓடையோரம் நடந்தாலும் ஒரு கறுப்புக் குழாயைப் பார்ப்பீர்கள். தேயிலைச் செடிகளுக்கு அடியில், கானோரமாக, சில இடங்களில் பாதையைக் குறுக்கறுத்து அது போகும். அதன் மேல்முனையைத் தேடிப் போனால், நாலு கல்லை அடுக்கித் தேக்கிய ஒரு சின்னக் குழி இருக்கும். குழாயின் வாயில் பழைய சேலைத் துண்டைக் கட்டி நூலால் இறுக்கியிருப்பார்கள், சருகும் மணலும் உள்ளே போகாதிருக்க. கீழ்முனை ஒரு லயத்தின் பீலியில் முடியும். குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். ஒரு முறை என் தங்கை வீட்டில் குடத்தில் பிடித்த தண்ணீர் நுரைத்தது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தோம். வான் வாகனத்தில் வந்த ஒரு குழு ஓடையில் இறங்கித் தலைக்குத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தார். கெட்டவர்கள் அல்லர், சொன்னதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். கீழே வீடுகள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அன்று லயத்தில் இருந்த பதினான்கு வீட்டுக்காரரும் குடங்களைக் கொட்டிக் கழுவி, குழாய் தெளியும்வரை காத்திருந்து மறுபடி பிடித்தார்கள். அதனால்தான் கேட்கிறேன்: ஓடையில் சவர்க்காரம் வேண்டாம், சிறுநீர் கழிக்கவும் வேண்டாம். குழாய் பாதையில் குறுக்கே கிடந்தால் மிதிக்காமல் தாண்டுங்கள்.

மழையைப் பற்றி. சித்திரையில் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மதியத்துக்குப் பிறகு இருட்டிக்கொண்டு வந்து இடி மின்னலோடு கொட்டும். ஏழு மணி என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே காட்டில் மழை பெய்யக்கூடும். தெளிந்த தண்ணீர் கலங்கித் தேநீர் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேட்டில் ஏறிவிடுங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல் நாள் இரவுச் செய்தியில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே முதற்கட்ட எச்சரிக்கை விடும். 100 மில்லிமீட்டருக்கு இரண்டாம் கட்டம். 150 ஆனால் வெளியேறச் சொல்லும். முதற்கட்டம் என்றாலும் நடையை விட்டுவிடுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களைப் புதைத்த மண்ணும் மழையில் ஊறிய மண்தான். நாங்கள் அதை மறக்கவில்லை. அப்படியான நாளில் பீட்ரு தொழிற்சாலைக்குள் போய்க் கொழுந்து எப்படித் தேயிலைத்தூள் ஆகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்.

அட்டைக்குப் பயப்படவேண்டாம். வெயில் காய்ந்த தேயிலை மலையில் அநேகமாக இருக்காது. ஈரமான காட்டோரத்திலும் மானாப் புல்லிலும் இருக்கலாம். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் வெளிப்பக்கம் உலர்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துவிடுங்கள். இதை விடுதியிலேயே செய்துகொள்ளுங்கள். தோட்டத்தில் பலர் செய்வது இதுதான். கையில் ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்திருங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் உப்பு முடிச்சால் ஒற்றினால் சுருண்டு விழும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் சிறிது நேரம் கசியும். பிள்ளை இரத்தத்தைப் பார்த்து அழும். நோவு இருக்காது என்பதை நடக்குமுன்பே சொல்லிவைத்தால் அழுகை பாதியாகும்.

அட்டையைவிட நான் அஞ்சுவது குளவிக்கும் மலைத்தேனீக்கும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி இல்லாத மாதம் அரிது. மலைத்தேனீ அருவிப் பாறைகளில் கூடு கட்டும். பாறைமுகத்தில் கறுத்த அரைவட்டமாக எதுவும் தொங்கினால் அதற்குக் கீழே நிற்கவேண்டாம், கல் எறியவேண்டாம், கத்தவேண்டாம். அந்தப் பக்கம் நெருப்பு மூட்டிச் சமைக்கவும் கூடாது. கலைந்துவிட்டால் தண்ணீருக்குள் குதிக்காமல், பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்த வழியே விலகுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ மூச்சு முட்டினாலோ 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை, கட்டணம் இல்லை.

சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். நனைந்தாலும் கெடாது, கையில் பிடித்துச் சாப்பிடலாம். ஒரு பிளாஸ்கில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ இருக்கட்டும். பிஸ்கட் உறையையும் தண்ணீர்ப் போத்தலையும் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாட்டா செருப்பு வேண்டாம், அடிப்பாகத்தில் வெட்டுள்ள சப்பாத்து போடுங்கள். ஒரு மாற்றுச் சோடிக் காலுறையும் ஒரு கம்பளிச் சட்டையும் கூட இருக்கட்டும். அம்மாவுக்கு ஊன்றிக்கொள்ள ஒரு தடி தேவை. நீளமான குடையே போதும், மழைக்கும் ஆகும்.

புத்தாண்டு இரண்டு நாளும் நுவரெலியாவில் வாகனம் நகராது. தோட்டத்திலும் வேலை இருக்காது, மலையில் வழி கேட்க ஆள் கிடைக்காது. கூடுமானால் அந்த நாட்களைத் தவிர்த்து நடுவாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அம்மாவை ஆட்டோவில் ஏற்றியதும், நீங்கள் ஏறுமுன் பிள்ளைகளின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி விரலிடுக்கெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அட்டை ஒளிந்திருப்பது அங்கேதான்.